பனியின் மீது பழி போடலாமா?



தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லுக்குப் பல முகங்கள் உண்டு. மார்கழிக் காலையில் வைக்கோல் போரின் மேல் முத்துமுத்தாய் நிற்பதும் பனிதான். வயல்வெளியை மூடி, எதிரே வருகிறவரின் முகத்தை மறைப்பதும் பனிதான். ஊட்டியின் புல்வெளியில் வெள்ளையாய் உறைந்து கிடப்பதும் பனிதான். பாரிஸ் நகரிலிருந்து நம் காரைக்கால் பிள்ளைகள் தொலைபேசியில், "இங்கே பனி கொட்டுது, வேலைக்குப் போக முடியல" என்று சொல்லும்போதும் அதே சொல்தான். தூத்துக்குடியில் கோயில் கொண்டிருக்கும் நம் அன்னைக்கும் பனிமய மாதா என்றே பெயர்.

நமது கடற்கரையில் தண்ணீர் உறைவதில்லை. சாலை கண்ணாடியாக மாறுவதும் இல்லை. ஆனாலும் ஐப்பசி தொடங்கி மாசி வரை, மழையிலும் பனியிலும் நம் சாலைகளில் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஓர் உயிர் போகும்போது துக்க வீட்டில் மூன்று வார்த்தைகளைக் கேட்கிறோம். "பாழாய்ப்போன பனி" என்பார் ஒருவர். "எல்லாம் விதி" என்பார் இன்னொருவர். "ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்பார் மூன்றாமவர். துயரத்தில் இருப்பவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லப்படும் இவ்வார்த்தைகளை நான் குறை சொல்லவில்லை. அழுகிற தாயிடம் விவாதம் செய்யும் நேரம் அது அல்ல. ஆனால் துக்கம் முடிந்து நாம் நிதானமாகச் சிந்திக்கும் வேளையில் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: அந்த மரணத்திற்குப் பனிதான் காரணமா? கடவுள்தான் காரணமா?

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி ஆண்டவர் இயேசு பேசுவதை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுக்கிறார். உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று சாலமோனின் ஞான நூலும் (1:13) நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே ஒரு விபத்துக்குப் பிறகு நம்பிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி, "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்பது மட்டும் அல்ல. "நாம் எதை மாற்ற வேண்டும்?" என்பதும் ஆகும்.

பனி செய்வது என்ன?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. வயல்களிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் நிற்கிறது. காற்றோ அசைவதில்லை. மேகமில்லாத இரவில் நிலம் விரைவாகச் சூட்டை இழக்கிறது. நிலத்தை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகி மிதக்கிறது. இதுவே மூடுபனி. பொழுது விடிந்தால் பனி விலகிவிடும் என்று நினைத்து வண்டியை எடுக்கிறோம். உண்மையில் சூரியன் எழும் வேளையிலும் அதை ஒட்டிய சிறிது நேரத்திலும்தான் பல நாள்களில் பனி மிக அடர்த்தியாக இருக்கும்.

அந்த நேரத்தில் சாலையில் இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து மீன் கூடையோடு கிளம்பும் தாய்மார்கள், பால்காரர்கள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், வயல் வேலைக்குச் செல்லும் பெண்கள், காலைத் திருப்பலிக்கு நடந்து வரும் முதியவர்கள். விடியற்காலையில் வெளியே வந்தாக வேண்டியவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. பனிக்கால விபத்தின் பாரமும் அவர்கள் மீதுதான் முதலில் விழுகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரே நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஒரு மாடு நிற்பதைக் கண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது. ஈரச் சாலையில் அது நிற்பதற்கு இன்னும் அதிகத் தூரம் வேண்டும். பனியில் 'ஹை பீம்' விளக்கைப் போட்டாலோ, அந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அப்போது முன்பைவிடக் குறைவாகவே தெரியும்.

உறைபனி நாடுகளில்

2018 பிப்ரவரி தொடக்கத்தில் பாரிஸ் வட்டாரத்தில் கடும் பனி பொழிந்தது. எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்கு வாகனங்கள் தேங்கி நின்றன. பலர் இரவு முழுவதும் வண்டியிலேயே இருந்தார்கள். நம் ஊர்க் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தில் வாழ்வதால், அந்தச் செய்தி இங்கே வீட்டுச் செய்தியாகவே வந்தது.

பனி அங்கே நம்முடையதைவிடப் பல மடங்கு கொடியது. ஆனால் அதை விதி என்று அவர்கள் விட்டுவிடுவதில்லை. பனி விழுந்தால் உங்கள் வீட்டு வாசலுக்கு முன்னுள்ள நடைபாதையை நீங்களே சுத்தம் செய்ய வேண்டும் என்று பிரான்சின் பல நகராட்சிகள் குடிமக்களுக்கு உத்தரவிடுகின்றன. சாலையில் உப்புத் தூவுகிறார்கள். உப்பு கலந்த நீர் எளிதில் உறையாது. 2021 நவம்பர் முதல், மலைப்பகுதிகளில் பனிக்கால டயர் அல்லது சங்கிலி இல்லாமல் குளிர்காலத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டுப் போக்குவரத்து விதிகளில் நமக்கும் பயன்படும் ஒன்று உண்டு. கண்ணுக்கு 50 மீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால், எந்தச் சாலையானாலும் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் யமுனா விரைவுச் சாலையில் ஆண்டுதோறும் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை வேக வரம்பைக் குறைத்துவிடுகிறார்கள்.

என் வாசலுக்கு முன் ஒரு மனிதர் வழுக்கி விழுந்தால் அதில் எனக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணமே இந்த ஏற்பாடுகளுக்கு அடிப்படை. இந்த எண்ணம் விவிலியத்திற்குப் புதிது அல்ல. குழி வெட்டியவர் அதை மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால், அவரே ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (21:33-34). புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாரேனும் விழும்போது இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது இணைச்சட்டம் (22:8). வேண்டுமென்று கொலை செய்தவரைப் பற்றி மட்டும் இறைச்சட்டம் பேசவில்லை. கவனக்குறைவாய் இருந்தவரைப் பற்றியும் பேசுகிறது.

நம் சாலை

காரைக்கால் ஒரு சிறிய மாவட்டம். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே, புதுச்சேரியிலிருந்து தள்ளி நிற்கிற நிலத்துண்டு. பூவத்தில் நுழைகிற கடற்கரை நெடுஞ்சாலை நகரத்தைக் கடந்து, திருமலைராயன்பட்டினம் வழியாக வாஞ்சூரில் வெளியேறுகிறது. இந்தச் சிறு தூரத்திற்குள் எத்தனை பயணங்கள்! வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் திருப்பயணிகள், நாகூருக்குச் செல்லும் இஸ்லாமியச் சகோதரர்கள், சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு வரும் பக்தர்கள், மார்கழியில் இரவெல்லாம் ஓடும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், துறைமுகத்திற்குச் செல்லும் கனரக லாரிகள். மூன்று சமயத்தாரும் ஒரே தாரில்தான் நடக்கிறோம். ஒருவருடைய கவனக்குறைவு அடுத்தவருடைய திருப்பயணத்தைத் துக்கமாக்கிவிடுகிறது.

விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைத் திட்டத்தால் இந்த ஆபத்துகள் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அகலமான சாலை நல்லதுதான். ஆனால் அது வேகத்தைக் கூட்டும். பனியைக் குறைக்காது. சாலையைக் கடக்கும் பாட்டிக்கு வேகத்தையும் கொடுக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமது பகுதியில் மதுபானம் விலை குறைவு. அதற்காகவே எல்லை தாண்டி வருகிறவர்கள் பலர். புத்தாண்டு இரவில் இருளும் பனியும் மதுவும் ஒரே சாலையில் சந்திக்கின்றன. மதுவினாலோ வேக ஆசையினாலோ பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது கனமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2290) தெளிவாகப் போதிக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்திற்குத் தயாரிக்கும்போது ஐந்தாம் கட்டளையை, "நான் யாரையும் கொலை செய்யவில்லை" என்று தாண்டிப் போகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இரவுகள் அந்தக் கட்டளைக்குள்தான் வருகின்றன.

சாலையில் காயும் நெல்

தை, மாசி மாதங்களில் நெடுங்காடு, திருநள்ளாறு, அம்பகரத்தூர்ப் பகுதிகளில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். சாலையின் பாதியில் நெல் காய்கிறது. வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கற்களை வைத்திருப்பார்கள். இரவில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். இருட்டில், பனியில், கறுத்த அந்தக் குவியலும் கற்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரு சக்கர வாகனத்தில் வருகிறவருக்கு அது மூடாத குழியேதான்.

ஆனால் விவசாயியைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர் ஏன் சாலைக்கு வந்தார் என்று கேட்பதே நீதி. முன்பெல்லாம் கையால் அறுத்து, கட்டுகளை வயலிலேயே காயவிட்டு, ஊர்க் களத்தில் அடித்துத் தூற்றினார்கள். இப்போது அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வயலை முடித்துவிடுகிறது. நெல் ஈரத்தோடு, ஒரே நாளில் மொத்தமாக வந்து சேர்கிறது. கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி. மழைக்காலங்களில் அதைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு முறையும் கோரிக்கை எழுகிறது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிய மழை பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா பயிர் டெல்டா முழுவதும் சாய்ந்தது. மத்தியக் குழுவினர் வந்து நெல் மாதிரிகளை எடுத்துச் சென்றார்கள். 2025 அக்டோபரிலும் கொள்முதல் தாமதமாகி, டெல்டாவில் குறுவை நெல் மழையில் நனைந்து முளைத்ததைச் செய்திகளில் கண்டோம். களம் இல்லாத ஊரில், பனி பெய்யும் மாதத்தில், ஈர நெல்லை வைத்துக்கொண்டு ஒரு சிறு விவசாயி எங்கே போவார்? ஊரில் சூடான, சமமான, காய்ந்த தரை தார்ச்சாலை ஒன்றுதான்.

ஆகவே இங்கே இரண்டு உரிமைகள் மோதுகின்றன. உழைத்தவர் தன் விளைச்சலைக் காப்பாற்றும் உரிமை ஒன்று. சாலையில் செல்கிறவர் உயிரோடு வீடு திரும்பும் உரிமை மற்றொன்று. உயிரே முதன்மையானது. அதில் ஐயமில்லை. ஆனால் விவசாயிக்குக் களம் கொடுக்காமல் அவரைச் சாலையிலிருந்து விரட்டுவது தீர்வு ஆகாது. ஊருக்கொரு உலர்களம் கேட்பது அரசியல் கோரிக்கை மட்டும் அல்ல. உயிரைக் காக்கும் கோரிக்கையும் ஆகும். கிராம சபைகளிலும் கொம்யூன் அலுவலகங்களிலும் நம் இறைமக்கள் அதைக் கேட்க வேண்டும்.

கேட்பதோடு நிற்காமல் ஒன்றைச் செய்யவும் முடியும். நம் ஆலய வளாகங்களிலும் பள்ளி மைதானங்களிலும் சிமெண்ட் தளங்கள் உள்ளன. தை மாதத்தில் வாரநாள்களில் பெரும்பாலும் அவை வெறுமையாகவே கிடக்கின்றன. எந்தச் சமயத்தவர் என்று பாராமல், முறை வைத்து, பக்கத்து விவசாயிகளுக்கு அவற்றைத் திறந்துவிடலாம். தேர் நிற்கும் இடத்தில் நெல் காய்ந்தால் ஆலயத்தின் புனிதம் குறைந்துவிடாது.

நல்ல சமாரியர்

அடிபட்டவரைக் கண்டதும் விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் நாம் அறிவோம். அந்த உவமை நடந்த இடமும் ஒரு சாலைதான், எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் ஆபத்தான சாலை. இன்று நம்மில் பலர் விலகிச் செல்வதற்குக் கல்நெஞ்சம் காரணம் அல்ல. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் இனி தேவையில்லை. உதவி செய்கிறவரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. அவர் விரும்பாவிட்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டம் அவரை 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. நம் ஆண்டவரின் உவமை இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அப்படியிருக்க, கிறிஸ்தவர்களாகிய நாமே ஒதுங்கிப் போகலாமா?

எல்லையில் வாழும் நாம் இன்னும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அந்த மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்குகிறவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, நாடு முழுவதும் விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. பணம் இல்லையே என்று தயங்கி, முதல் ஒரு மணி நேரத்தை யாரும் இழந்துவிடக் கூடாது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நின்று பார்த்தால் இதன் பொருள் புரியும். கணவர் ஹெல்மெட் போட்டிருப்பார். பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் வெறுந்தலையோடு வருவார்கள். தலைக்கவசத்தைப் போலீசுக்குக் காட்டும் பொருளாக நாம் நினைப்பதன் விளைவு இது.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

2007 ஜூன் 19 அன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப்பணிக்காக அன்று இயங்கிய திருப்பீட அவை, கர்தினால் ரெனாத்தோ மார்த்தீனோ தலைமையில், சாலை மேய்ப்புப்பணி பற்றிய ஓர் ஏட்டை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகள் என்று உலகச் செய்தித்தாள்கள் அதைப் பற்றி எழுதின. சாலை என்பது மனிதர் மனிதரைச் சந்திக்கும் இடம், நம்பிக்கை வாழப்பட வேண்டிய இடம் என்பதே அதன் உட்பொருள். அந்த வழியில் சில எளிய முயற்சிகளை முன்வைக்கிறேன்.

கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு இரவுத் திருப்பலிகள் முடிந்ததும் அவசரமாகக் கிளம்ப வேண்டாம். தூரத்தில் இருந்து வந்தவர்கள் ஒரு தேநீர் குடித்து, சேர்ந்து செல்லட்டும். குடித்திருப்பவர் கையில் சாவி இருந்தால் அன்பியத்தினர் உரிமையோடு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

வேளாங்கண்ணிக்கு நடக்கும் குழுவினர் இருட்டில் ஒற்றை வரிசையில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்க ஓரமாக நடக்கட்டும். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் விளக்கு ஏந்திச் செல்லட்டும். கறுத்த உடையைவிட வெளிர் நிறம் நல்லது. சப்பரத்தின் பின்பக்கம் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் கட்டாயம் இருக்கட்டும்.

இளைஞர் இயக்கத்தினர் மார்கழியில் ஒரு ஞாயிறு, ஆலயத்திற்கு வரும் சைக்கிள், டிராக்டர், மாட்டு வண்டி அனைத்திற்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். மாடு வளர்ப்போர் இரவில் அவற்றைக் கட்டி வைக்க வேண்டும். முட்டும் மாடு என்று தெரிந்தும் கட்டாமல் விட்டவரைப் பற்றி விடுதலைப் பயண நூல் (21:29) சொல்வதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சாலையில் பள்ளம் கண்டால் அதைச் சுற்றி ஓட்டிப் பழகிக்கொள்ளாமல், பங்குப் பேரவை வழியாக எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம். இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று இரு அரசுகளின் எல்லையில் வாழும் நம் ஊர்களில், யாருடைய வேலை என்ற கேள்வியிலேயே காலம் போய்விடுகிறது. பதில் வரும்வரை இரவில் அந்தப் பள்ளத்தின் அருகே ஒரு கொம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, திருவருகைக் காலத்தில் திருமுழுக்கு யோவானின் குரலைக் கேட்கிறோம். ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள், பள்ளங்களை நிரப்புங்கள், கரடுமுரடானதைச் சமமாக்குங்கள் என்று அவர் அழைக்கிறார். அதை உள்ளத்தின் வழி என்றே மறையுரைகளில் விளக்குகிறோம். அது சரியே. ஆயினும் சிறியோருள் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று கூறிய ஆண்டவர், மீன் கூடை சுமக்கும் தாயாகவும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையாகவும் நெடுங்காடு சாலையிலும் வாஞ்சூர் சாலையிலும் அன்றாடம் வருகிறார். அவருக்காகத் தார்ச்சாலையின் பள்ளத்தையும் நாம் நிரப்ப வேண்டும்.

பனியும் உறைபனியும் ஆண்டவரைப் போற்றட்டும் என்று தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர்கள் பாடியதாகத் தானியேல் நூல் கூறுகிறது. பனி கடவுளின் படைப்பு. அது தன் வேலையைச் செய்கிறது. நம் வேலையை நாம் செய்வோம். இந்தப் பனிக்காலத்தில் நம் பங்குகளிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் நலமாக வீடு திரும்ப, பயணிகளின் துணையான வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவன் உங்கள் எல்லாரையும், உங்கள் போக்கையும் வரவையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.